கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன்: பெங்களூரில் தமிழ் வாசிப்பும் புத்தக வேட்டையும்

பெங்களூரில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. நினைத்த நேரத்தில் கடைக்குள் நுழைந்து அலமாரியிலிருந்து உருவிக்கொள்ளும் வசதி இங்கே குறைவுதான். ஆனால் எப்படிக் கேட்பது, எங்கே கேட்பது என்று தெரிந்தவருக்கு, நூறாண்டுக்கு முன் அச்சான நூல்கூட அரைமணி நேரத்தில் கைபேசிக்கு வந்துவிடும். தேடல் தோற்கும்போது பெரும்பாலும் புத்தகம் இருக்கத்தான் செய்கிறது, வேறொரு எழுத்துக்கூட்டலில், வேறொரு தலைப்பில், வேறொரு பதிப்பகத்தின் பெயரில். ஆகவே இந்த வழிகாட்டியில் எழுத்துக்கூட்டலுக்குத்தான் அதிக இடம்.

முதலில் ருசி பிடிக்கட்டும்

எதைப் படிப்பது என்று தெரியாதவர்கள் நாவலில் தொடங்க வேண்டாம். 500 பக்க நாவல் பாதியில் நின்றால் அடுத்த ஆறு மாதத்துக்கு வேறு எதையும் தொட மனம் வராது. சிறுகதை பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கதை பிடித்தால் அதே எழுத்தாளரின் இன்னும் இரண்டு கதைகளைத் தேடிப் படியுங்கள். மூன்றும் பிடித்தால் மட்டும் அவருடைய புத்தகத்தை வாங்குங்கள். பணமும் மிஞ்சும், அலமாரியில் படிக்காத புத்தகமும் சேராது.

இணையத்தில் இதற்கு நல்ல இடங்கள் பல உண்டு. நவீனத் தமிழின் முக்கியமான சிறுகதைகள் எழுத்தாளர் வாரியாகத் தொகுக்கப்பட்டிருப்பது அழியாச் சுடர்கள் தளத்தில். திண்ணை, 2009-இல் தொடங்கிய சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம், காலச்சுவடு, தமிழினி, கனலி, வாசகசாலை ஆகியவற்றில் கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, கட்டுரை எல்லாம் கலந்து கிடைக்கும். இவற்றின் முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். புதையல் இருப்பது பழைய இதழ்களில்தான். கூகுளில் எழுத்தாளர் பெயரைத் தமிழில் தட்டி, இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, அதை ஒட்டியே தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்தில் அவர் எழுதியது முழுக்க வரும். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் இது வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான்.

விருதுப் பட்டியல்களும் உதவும். தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியல் 1955 முதல் இருக்கிறது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தரும் இயல் விருது, 2010 முதல் வழங்கப்படும் விஷ்ணுபுரம் விருது ஆகியவற்றின் பட்டியல்களும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எழுத்தாளரின் பெயரை மட்டுமே. விருது பெற்ற புத்தகம் அவருடைய மிகச் சிறந்த புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் தாமதமாகத் தந்த மரியாதை அது. பெயர் கிடைத்ததும் 2022-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கியில் அவரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து நூல் பட்டியலைப் பாருங்கள். எந்த நூல் எந்த ஆண்டு வந்தது என்ற தகவல் பின்னால் தேடும்போது கைகொடுக்கும்.

பிடித்த தளங்களைத் தினமும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஃபீட்லி, இன்னோரீடர் போன்ற ஓடை வாசிப்பான் ஒன்றில் சேர்த்துவிட்டால் புதிய பதிவுகள் ஒரே இடத்தில் வரிசையாக வந்து நிற்கும். வேர்ட்பிரஸில் இயங்கும் தளமானால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் ஓடை முகவரி கிடைத்துவிடும். பிறகு படிக்கலாம் என்று பாக்கெட் செயலியில் கட்டுரைகளைச் சேர்த்து வைத்தவர்கள் கவனிக்க: அது 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இன்ஸ்டாபேப்பரோ வாலபேகோ அந்த வேலையைச் செய்யும்.

தேடும் சொல்லைச் சரிசெய்யுங்கள்

குறிப்பிட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்றால், தேடத் தொடங்கும் முன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தலைப்பு, ஆசிரியரின் முழுப்பெயரும் முன்னெழுத்துகளும், ஏதாவதொரு பதிப்பகத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு. நான்கில் இரண்டு உறுதியாகத் தெரிந்தால் போதும், மற்றவை தேடலில் அகப்படும்.

அடுத்து எழுத்துக்கூட்டல். தமிழ்த் தலைப்புகளில் வழுக்கும் இடங்கள் இவை. ஒற்று மிகுவது ஒன்று: ‘தமிழ் புத்தகம்’, ‘தமிழ்ப் புத்தகம்’ இரண்டையும் தேடுங்கள். சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பாருங்கள். கிரந்த எழுத்து இன்னொன்று: ராஜா, ராசா, இராசா மூன்றும் ஒரே ஆள்தான். ஸ்ரீ என்ற எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கணினியில் அதை இரண்டு வெவ்வேறு குறியீடுகளால் எழுத முடியும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சில தளங்களின் தேடுபொறி ஒன்றைக் கேட்டால் மற்றதைக் காட்டாது. தலைப்பில் ஸ்ரீ இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லை மட்டும் தேடுவதே நல்லது. முன்னெழுத்துகளும் அப்படித்தான். உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று ஒரே மனிதர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பார். புள்ளிக்குப் பிறகு வரும் ஒரே ஒரு இடைவெளிகூட முடிவை மாற்றும்.

நூலகப் பட்டியல்களில் தேடும்போது விதியே வேறு. வேர்ல்ட்கேட் போன்ற உலக நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும், அதுவும் நாம் வாட்ஸப்பில் எழுதுகிற மாதிரி இருக்காது. உச்சரிப்பைப் பாராமல் எழுத்துக்கு எழுத்து மாற்றியிருப்பார்கள். பாரதி என்று தேட, பஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் போட்டால் கிடைக்காது, பேப்பர் என்பதன் முதல் எழுத்தைப் போட வேண்டும். ச எங்கே வந்தாலும் சினிமா என்பதன் முதல் எழுத்து. த-வுக்கு டீச்சர் என்பதன் முதல் எழுத்து மட்டும், அதன் பின்னால் எச் வராது. கங்கை என்பதில் வரும் இரண்டு ககரத்துக்கும் கே தான். ழ, ள, ல மூன்றுக்கும் லாரியின் முதல் எழுத்தே. மேலும் கீழும் புள்ளியோ கோடோ போட்டு அவர்கள் வேறுபடுத்துவார்கள், தேடும்போது நமக்கு அவை வேண்டாம். இந்த ஒரு விதி பழகிவிட்டால், ‘எங்கும் இல்லை’ என்று கைவிட்ட நூல்களில் பல சிகாகோவிலோ லண்டனிலோ இருப்பது தெரியவரும். அந்தப் பதிவிலிருந்து பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை மூன்றும் கிடைக்கும். புத்தகத்தை அங்கிருந்து வரவழைக்கப் போவதில்லை, இந்த விவரங்களை வைத்துக்கொண்டு இங்கே தேடத்தான்.

இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளத்தில் இன்னொரு குழப்பம். இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தமிழ் நூல்கள் ஏராளமாக அங்கே இருக்கின்றன. அந்தத் திட்டத்தின் மையமாக இருந்தது நம் ஊர் இந்திய அறிவியல் கழகம்தான். தலைப்பைத் தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். திரு என்பது ஓரிடத்தில் எச் சேர்ந்தும் ஓரிடத்தில் எச் இல்லாமலும் இருக்கும். ஆகவே முழுத் தலைப்பைத் தேடாமல், தலைப்பில் மிக அரிதான ஒரே ஒரு சொல்லை எடுத்து மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள், மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய எழுத்து பொதுவுடைமை. 1964-இல் மறைந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் யாரும் வெளியிடலாம். இதற்கு வெளியே தமிழுக்கென்று ஒரு வழி இருக்கிறது: தமிழ்நாட்டு அரசு குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. கல்கி, புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலருடைய நூல்கள் இப்படித்தான் எல்லாருக்கும் ஆயின. ஒரு எச்சரிக்கை: மூலம் பொதுவுடைமை ஆனாலும், பிற்காலத்தில் ஒருவர் எழுதிய உரையும் மொழிபெயர்ப்பும் அவருடைய உரிமைதான்.

நான்கு இடங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. எழுத்தாகவே இருப்பதால் உள்ளே சொல் தேடலாம், கைபேசியில் பெரிதாக்கிப் படிக்கலாம். சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல் வரை இங்கே இருக்கிறது. இரண்டாவது, விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் இங்கே பக்கம் பக்கமாக எழுத்தாக்கப்படுகின்றன. பக்க எண்ணின் நிறத்தைக் கவனியுங்கள்: பச்சை என்றால் இருவர் சரிபார்த்தது, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது, சிவப்பு என்றால் இன்னும் யாரும் திருத்தாதது. சிவப்புப் பக்கங்கள் மிகுந்த நூலை இறக்கினால் பிழைகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். மூன்றாவது, அதே கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம். இங்கே இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் படங்கள், பழைய பருவ இதழ்களும் உண்டு. நான்காவது, 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம். ஈழத்து நூல், இதழ், மலர் எதுவானாலும் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே இலவசமாகத் தந்த நூல்கள் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இபப் என்ற மின்னூல் கோப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்று வடிவமைத்த பிடிஎஃப் கோப்பாகவும் கிடைக்கும். கிண்டில் வைத்திருப்பவர்கள் இபப் கோப்பைச் சென்ட் டு கிண்டில் வழியாக அனுப்பிக்கொள்ளலாம்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப்களைத் தொடாதீர்கள். தமிழில் ஒரு புத்தகம் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. அதில் ஐம்பது பேர் வாங்காமல் போனாலே மறுபதிப்பு நின்றுவிடும், பிறகு அந்தப் புத்தகம் உண்மையிலேயே கிடைக்காமல் போய்விடும்.

ஸ்கேனை இறக்கியதும் செய்ய வேண்டிய சோதனை

நானூறு பக்கம் படித்த பிறகு கடைசி அத்தியாயம் இல்லை என்று தெரிவதைவிடக் கொடுமை வாசிப்பில் இல்லை. இரண்டு நிமிடம் செலவழியுங்கள். பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பார்த்து அங்கே போய் உறுதிசெய்யுங்கள். பிறகு நடுவில் 16, 32, 48 என்று பதினாறின் மடங்குகளில் பக்க எண் தொடர்கிறதா பாருங்கள். தமிழ் நூல்கள் பெரும்பாலும் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சடித்துத் தைக்கப்பட்டவை. பைண்டிங் தளர்ந்தால் ஃபாரம் முழுதாகக் கழன்று போகும், ஸ்கேனிலும் அந்தப் பதினாறு பக்கம் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருக்கும். பழைய புத்தகம் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

உள்ளே சொல் தேட முடியவில்லையா? ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியீட்டில் இருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டரில் சரியான குறியீட்டைத் தேர்ந்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். படத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருள்கள் இப்போது தமிழில் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, னா, றா போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களில் தடுக்கி விழும். அந்த எழுத்து வரும் சொல்லைத் தேடாமல் வேறு சொல்லைத் தேடுங்கள்.

பெங்களூருக்குள்: ஊதா ரயில் ஒன்றே போதும்

நல்வாய்ப்பாக, போக வேண்டிய இடங்கள் எல்லாம் மெட்ரோவின் ஊதாப் பாதையில் வரிசையாக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை அல்சூரில் இறங்குங்கள், பலகையில் ஹலசூரு என்று இருக்கும். ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 1950-இல் தொடங்கப்பட்ட சங்கத்தில் நூலகம் உண்டு. இந்த ஊரில் தமிழ் நூல்களை அலமாரியோடு பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சிறந்த இடம் இது. நேரத்தையும் உறுப்பினர் விதிகளையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். 2022 டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழா முதன்முதலாக நடந்ததும் இங்கேதான். டிசம்பர் நெருங்கும்போது அறிவிப்பு வருகிறதா என்று கண் வைத்திருங்கள்.

அடுத்து எம்.ஜி. ரோடு நிலையம். சர்ச் ஸ்ட்ரீட்டின் பிளாசம், புக்வோர்ம் கடைகள் முதன்மையாக ஆங்கிலத்துக்கானவை. தமிழ் நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேடுகிறவர்களுக்கும், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்கும் பயன்படும்.

சர் எம். விஸ்வேஸ்வரய்யா நிலையத்தில் இறங்கினால் சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் சாகித்திய அகாதெமியின் மண்டல அலுவலகம். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கன்னட, மலையாள, வங்க நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளைத் தனியார் பதிப்புகளைவிடக் குறைந்த விலையில் அகாதெமி வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ் மொழிபெயர்ப்புகளும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் பேசும் நாவலை நம் மொழியில் படிக்க இதைவிட நல்ல வழியில்லை. எல்லாத் தலைப்பும் இருப்பில் இருக்காது. அகாதெமியின் விலைப்பட்டியலைப் பார்த்து, வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கடைசியாக மெஜஸ்டிக், காந்திநகர் சப்னா புக் ஹவுஸ். அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகளில் பாடநூல்கள்தான் மிகுதி. நடக்கத் தயார் என்றால் ‘தமிழு புஸ்தகா இத்யா?’ என்று கேட்டுக்கொண்டே போகலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு: பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளில் இலவசம். பள்ளியில் கன்னடம் மட்டும் படித்த குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் நிலை 1-இல் தொடங்குங்கள். அதே கதையைக் கன்னடத்திலும் திறந்து பக்கத்தில் வைத்தால் எழுத்து வேகமாகப் பிடிபடும்.

தபாலில் வரவழைப்பது

புதிய புத்தகங்களுக்கு காமன்ஃபோக்ஸ், பனுவல், உடுமலை போன்ற இணையக் கடைகள் உண்டு. மூன்றிலும் ‘இருப்பில் இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். அவர்களிடம் இல்லை என்பதுதான் அதன் பொருள். பதிப்பகத்துக்கே நேராகப் பேசி, “புத்தகம் அச்சில் இருக்கா? இல்லைன்னா பிஓடியில போட்டுத் தருவீங்களா?” என்று கேளுங்கள். பிஓடி என்பது கேட்கிறவருக்கு மட்டும் ஒன்றிரண்டு பிரதி அச்சடிப்பது. கொஞ்சம் நாள் ஆகும், கூடுதல் விலையும் இருக்கலாம், ஆனால் பல நூல்கள் இன்று உயிரோடு இருப்பதே இதனால்தான்.

ஜனவரியில் ஆர்டர் போட்டுவிட்டுத் திட்டாதீர்கள். அந்த மாதம் பதிப்பகத்தார் எல்லாரும் சென்னைப் புத்தகக் காட்சி அரங்கில் நிற்பார்கள். பிப்ரவரியில் கேட்டால் புதிய நூல்களும் கைவசம் இருக்கும், பதிலும் உடனே வரும். விலை அதிகமான தொகுதிகளுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவிக்கப்படும்போது பணம் கட்டிவிட்டால் கணிசமாக மிச்சம். காட்சிக்குச் சென்னை வரை போக முடியாதவர்களுக்கு ஓசூர் புத்தகத் திருவிழா இருக்கிறது, இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான்.

அனுப்பும் செலவைக் குறைக்க, அஞ்சல் துறை 2025 மே 1 முதல் தரும் ஞான் போஸ்டில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி என்பதால் மெதுவாக வரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 300 பக்க டெமி அளவு நூல் ஏறத்தாழ 350 கிராம் இருக்கும். ஒவ்வொன்றாக வரவழைக்காமல் நான்கைந்தாகச் சேர்த்து வாங்குவதுதான் கட்டுப்படி.

நாட்டுடைமை ஆன நூல்களைப் பல பதிப்பகங்கள் போடும். விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்க எண்ணிக்கையையும் பாகங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஒரு பதிப்பு மிக ஒல்லியாக இருந்தால் சுருக்கப் பதிப்பாகவோ கண்ணைப் பிடுங்கும் பொடி எழுத்தாகவோ இருக்கும். உள்பக்கம் ஒன்றின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அச்சில் இல்லாத பழைய நூல்கள்

பழைய புத்தக வியாபாரியிடம் வாட்ஸப்பில் வாங்கும்போது நான்கு படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசிப் பக்கம், முதுகு. தலைப்புப் பக்கத்தில் சுபகிருது வருஷம் என்பதுபோலத் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர் அது. சுபகிருது என்றால் 1902 அல்லது 1962. தாளையும் எழுத்து வடிவத்தையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பழுப்பேறிய தாளின் மூலையை மடித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், ஒடிந்துவிடும். வந்த புத்தகத்தில் ராமபாணப் பூச்சியின் துளைகள் இருந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியாகப் பையில் கட்டி வையுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் பூச்சி ஓர் அலமாரியிலிருந்து அடுத்ததற்குச் சீக்கிரம் பரவும்.

எங்கேயும் விலைக்குக் கிடைக்காவிட்டால் நூலகம்தான். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். எல்லாப் பதிப்பகமும் அனுப்புவதில்லை என்றாலும், 1954-க்குப் பின் வந்த நூலுக்குக் கன்னிமாராவே முதல் இடம். அதற்கு முந்தையதானால் 1994-இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது, அதன் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். அதற்கும் மேலே சொன்ன ரோமன் எழுத்து விதியை முயன்று பாருங்கள்.

ரயில் ஏறும் முன் மின்னஞ்சல் அனுப்புங்கள். “பழைய நாவல் ஒன்று வேண்டும்” என்று எழுதினால் பதில் வருவது கடினம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பட்டியலில் உள்ள எண் ஆகியவற்றோடு, தாள் தொட்டுப் பார்க்கும் நிலையில் இருக்கிறதா, எந்தப் பக்கங்களுக்கு நகல் தர முடியும், பக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதிப்புரிமை இருக்கும் நூலை முழுதாக நகலெடுத்துத் தரமாட்டார்கள், அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அப்படியானால் பென்சிலும் தாளும் எடுத்துப் போங்கள், பல ஆய்வு நூலகங்களில் பேனாவை உள்ளே விடுவதில்லை.